கருந்தும்பியின் தாடை

இல்லம்மா, அது இப்ப ஆனதில்ல. நீங்க தோள்ல விரல் வெச்சு அமுக்குறீங்களே அந்த முண்டு, அது நாப்பது வருஷப் பழசு. எலும்பு ஒடஞ்சு கோணலா ஒட்டிக்கிச்சு. கை மேல போகாததுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு நானே நெனச்சேன். எப்படி ஒடஞ்சுதா? வண்டியெல்லாம் இல்ல. வழுக்கியும் விழல. பறக்கறப்ப விழுந்தேன்.

சிரிங்க, பரவால்ல. உங்க எடத்துல நான் இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். என் வீட்டுக்காரி கீழ மருந்து வாங்கப் போயிருக்கா, அங்க கூட்டமா இருக்கு, வர்றதுக்கு அரை மணி ஆகும். நீங்களும் இந்தச் சூட்டுப் பட்டையைச் சுத்திட்டு இருபது நிமிஷம் அசையாம படுங்கன்னு சொல்றீங்க. அதுக்குள்ள சொல்லிடலாம். ஆனா அவ வந்துட்டா நிறுத்திடுவேன், நீங்களும் மேல கேக்கக் கூடாது. சரிதானே.

அப்பல்லாம் வாராவாரம் ஒரு படக்கதைப் புஸ்தகம் வரும்மா. எட்டுப் பக்கம், கறுப்பு வெள்ளை. அதுல கருந்தும்பின்னு ஒருத்தன். பகல்ல தபால் ஆபீஸ்ல ஸ்டாம்பு ஒட்டிட்டு இருப்பான். எங்கயாவது ஆபத்துன்னா கறுப்பு முகமூடி, முதுகுல நாலு றெக்கை, பறந்துடுவான். சிரிக்க மாட்டான். வளவளன்னு பேச மாட்டான். பெரியவங்களே ஒளிச்சு வெச்சுப் படிப்பாங்க. அதை வரைஞ்சவர் ஒருத்தர், ஒல்லியா, எந்நேரமும் கையில ஒரு அட்டைப் பையோட. நாங்க ஓவியர்னே கூப்பிடுவோம்.

நான் யாருன்னா, லிஃப்ட் மெக்கானிக். நடிப்புக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கெடையாது. அந்தப் பத்திரிகை ஆபீஸ்ல ஒரு நாள் லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னு போச்சு. உள்ள ஓவியர் மாட்டிக்கிட்டார். நான் மேல் மாடியிலேர்ந்து கூண்டு மேல எறங்கி, கூரையில இருக்கிற சின்னக் கதவைத் தூக்கிட்டு எட்டிப் பாத்தேன். என் தலையில தொப்பி, கண்ணு வரைக்கும் எறங்கியிருக்கு. அவர் கையில டார்ச்சு இருந்துச்சு, அதை என் மொகத்துல அடிச்சார். அடிச்சவர் அப்படியே பாத்துட்டே நிக்கிறார். ஐயா, கையக் குடுங்கன்னு சொல்றேன், கையக் குடுக்க மாட்டேங்கிறார். தாடை, தாடைங்கிறார். மூச்சு முட்டி மூளை கலங்கிடுச்சு போலன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கருந்தும்பியை வெச்சுப் படம் எடுக்கப் போறாங்க, நாலு மாசமா ஆள் தேடுறாங்க, முகமூடிக்குக் கீழ தெரியிறது தாடை மட்டும்தான், அவர் பதினாலு வருஷமா வரைஞ்ச தாடை என் மொகத்துல இருக்குன்னு. இப்ப சதை தொங்கிப் போச்சு, அப்ப நல்லா சதுரமா இருக்கும்.

இப்படித்தான் நான் ஹீரோ ஆனேன். தாடையால.

படம் எடுத்தவரு மின்விசிறிக் கம்பெனி முதலாளி. எல்லாரும் ஃபேன்காரர்னுதான் சொல்வோம். அவர் அந்தக் கதையில ஒரு பக்கம் கூடப் படிச்சதில்ல. பறக்கிற ஆள் கதைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பறக்கணும்னா காத்து வேணும், காத்து நம்மகிட்ட இருக்கு, மீதியை நீங்க பாத்துக்கங்கன்னுட்டார். அவரோட ஃபேன் குடோன்தான் ஸ்டூடியோ. டைரக்டர் அதுக்கு முன்னாடி பதினோரு படம் எடுத்தவரு, பதினொண்ணும் அழுகைப் படம். மொத நாள் கதை கேக்க ஒக்காந்தவர் ஓவியரைப் பாத்துக் கேட்டார், தும்பிக்கு அம்மா இருக்காங்களான்னு. இல்லைன்னார் ஓவியர். அம்மா இல்லாம ஜனங்க எப்படி அழுவாங்கன்னு டைரக்டர் கேக்கிறார். எதுக்கு அழணும்னு ஓவியர் கேக்கிறார். அந்தக் கேள்வியே டைரக்டருக்குப் புரியல.

சரின்னு அம்மா வந்தாங்க. அடுத்த வாரம் அம்மாவுக்குக் கண் தெரியாம போச்சு. கடைசில மகனோட தாடையைத் தடவிப் பாத்து அடையாளம் கண்டுபிடிக்கணுமாம். அதுக்கு அடுத்த வாரம் ஒரு தங்கச்சி வந்தா. அண்ணனுக்கு றெக்கை இருக்குன்னு தெரிஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. புஸ்தகத்துல வில்லன் யாருன்னா, ஊரோட வெளிச்சத்தையெல்லாம் திருடி ஒரு கண்ணாடி உருண்டைக்குள்ள அடைக்கிற விஞ்ஞானி. அவன் படத்துல சித்தப்பா ஆயிட்டான். வீட்டுப் பத்திரத்தைத் திருடி பீரோவுக்குள்ள அடைக்கிறான்.

ஓவியரா? அட்டைப் பையைத் தொறந்து ஒரு படத்தைக் காட்டுவார், மூடுவார். ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டார், இது கருந்தும்பிதானான்னு. ஆமா, மனசுக்குள்ள தும்பிதான்னார் டைரக்டர்.

றெக்கை ஒரு தனிக் கதை. குடை ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் செஞ்சார், குடைக்கம்பி, கறுப்புத் துணி, பட்டனை அமுக்கினா நாலும் விரியும். விரிஞ்சா கதவுல நுழைய முடியல. தபால் ஆபீஸ் சீன்ல கருந்தும்பி குறுக்குவாட்டுல நடந்து வந்தான், நண்டு மாதிரி. அதனால ரெண்டு றெக்கையைக் கழட்டுனாங்க. ரெண்டு றெக்கை இருந்தா அது தும்பி இல்ல, ஈன்னார் ஓவியர். ஜனங்க எண்ண மாட்டாங்கன்னார் ஃபேன்காரர்.

பறக்கிற சீனுக்குக் கப்பி, கயிறு எல்லாம் நானே கட்டுனேன். என் தொழில்தானே அது. கீழ அட்டையில ஒரு ஊரே செஞ்சு வெச்சிருந்தாங்க, மாடி வீடு, தெரு, மணிக்கூண்டு, முழங்கால் உயரத்துக்கு. பன்னெண்டு ஃபேனைத் தலைகீழா நிறுத்தி, எல்லாத்தையும் ஒண்ணா போட்டார் ஃபேன்காரர். போட்டதும் என்ன ஆச்சுங்கிறீங்க. நான் கயித்துல அப்படியே நிக்கிறேன். ஊர் பறந்து போச்சு. மணிக்கூண்டு டைரக்டர் மேல போய் ஒக்காந்துச்சு. ஃபேன்காரருக்கு ஒரே பெருமை, பாத்தீங்களா நம்ம காத்தைன்னு.

வீட்டுக்காரிகிட்ட ஏன் ரகசியம்ங்கிறீங்களா? அதுக்குத்தான் வர்றேன். இந்தக் கருந்தும்பி யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது, ஊரெல்லாம் தாடையை மட்டும் போஸ்டர்ல ஒட்டணும், ஜனங்க மண்டையைப் பிச்சுக்கணும், கடைசி சீன்ல முகமூடியைக் கழட்டணும். இது ஃபேன்காரர் போட்ட திட்டம். ஒப்பந்தத்துலயே எழுதிட்டார். படம் ரிலீஸ் ஆகிற நாள் வரைக்கும் அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்க, மனைவி, ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் தாடையை மாத்திடுவோம்னு வாயால வேற சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்பக் கல்யாணமாகி எட்டு மாசம்.

ஏன் போட்டேன்னா, என்னம்மா சொல்றது. நான் பண்ற வேலை யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. லிஃப்ட் நல்லா ஓடுனா மெக்கானிக்னு ஒருத்தன் இருக்கிறதே யாருக்கும் ஞாபகம் வராது. தியேட்டர்ல அவளைக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல ஒக்காத்தி வெச்சிட்டு, கடைசில முகமூடி கழலுறப்ப அவ மொகத்தைப் பாக்கணும்னு ஒரு ஆசை. திரையைக் கூட நான் பாக்க மாட்டேன், அவளைத்தான் பாப்பேன்னு முடிவே பண்ணி வெச்சிருந்தேன். நாலு மாசத்துல படம் முடியும்னாங்க. நாலு மாசம் ஒரு விஷயத்தை மறைக்க முடியாதா.

மூணு வருஷம் ஆச்சும்மா.

பஸ் ஸ்டாண்டுல என் தாடை ஒட்டியிருந்துச்சு. ஒரு நாள் அவ அதையே பாத்துட்டு நின்னா. இந்தத் தாடையை எங்கயோ பாத்திருக்கேங்கன்னா. என்னைத் திரும்பிப் பாத்தா, மறுபடி போஸ்டரைப் பாத்தா, எங்க எக்ஸ்சேஞ்சு பியூன் மாதிரி இருக்குன்னுட்டு பஸ் ஏறிட்டா. அவ டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தா அப்ப.

மத்தியானத்துலதான் ஷூட்டிங். ரெண்டு மணிக்குக் கம்பெனியில பர்மிஷன் போட்டுட்டுப் போயிடுவேன். முகமூடி போடறதுக்கு முன்னாடி கண்ணைச் சுத்திக் கறுப்பு மை அப்புவாங்க, ஓட்டை வழியா தோல் தெரியக் கூடாதுன்னு. எவ்வளவு கழுவுனாலும் இமையோரத்துல கொஞ்சம் நிக்கும். சட்டைக் காலர்ல ஒட்டும். இடுப்புல பெல்ட்டு இழுத்த தழும்பு. தாடைக்காக ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஷேவிங். இதையெல்லாம் ஒரு பொண்டாட்டி பாத்தா என்ன நெனப்பா, நீங்களே சொல்லுங்க. காலர்ல என்ன மைன்னு கேட்டா. லிஃப்ட் கிரீஸ்னேன். கிரீஸ் எது, கண்மை எதுன்னு எனக்குத் தெரியாதான்னா. அதோட பேச்சு நின்னு போச்சு.

அவளுக்கு ஒரு அண்ணன். என் மச்சான். நல்ல மனுஷன்தான், தங்கச்சி மேல உசுரு. ஒரு நாள் சைக்கிள்ல என் பின்னாடியே வந்திருக்கார். குடோனுக்கு மேல ஒரு ரூம் உண்டு, தங்கச்சியா நடிக்கிற பொண்ணு அங்கதான் மேக்கப் போடும். நான் கீழ் வாசல்ல நுழையிறேன், மேல ஜன்னல்ல அந்தப் பொண்ணு தலை சீவிட்டு நிக்குது. மச்சானுக்கு இதுக்கு மேல என்ன வேணும். நேரா போய்ச் சொல்லிட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தா பீரோ தொறந்து கெடக்கு, அவ சேலை ஒண்ணும் இல்ல. அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

போய்க் கூப்பிட்டேம்மா. அஞ்சாறு தடவை போனேன். மாமியார் கதவை ஒரு சாண் தொறந்து, அவ தூங்குறாங்கும். வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லித் தொலைச்சிடலாம்னு. நேரா ஓவியர்கிட்டப் போய் நின்னேன். நான் என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிக்கிறேங்கன்னேன். அவர் அட்டைப் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டுச் சொன்னார், அம்மா வந்துடுச்சு, தங்கச்சி வந்துடுச்சு, றெக்கை பாதி போயிடுச்சு, என்னோடதுன்னு இந்தப் படத்துல மிச்சம் இருக்கிறது உங்க தாடை ஒண்ணுதான், அதையும் மாத்திட்டா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்னு. அந்த மனுஷன் கண்ணு கலங்கி அன்னிக்குத்தான் பாத்தேன். இன்னும் மூணே மாசம்னார். சரிங்க, சொல்லலைன்னு வாக்குக் குடுத்தேன். ஒப்பந்தத்துக்காகக் கூட இல்ல. அவருக்காகத்தான்.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் விழுந்தேன். ஒரு மாடி உயரத்துல தொங்குறேன், ஃபேன் முழு வேகத்துல ஓடுது, றெக்கைப் பட்டன் தானா அமுங்கி ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சுடுச்சு. காத்து அதைப் புடிச்சு என்னைப் பம்பரமா சுத்துச்சு. கொக்கி கழண்டு நேரா தபால் ஆபீஸ் மேல விழுந்தேன். அட்டைத் தபால் ஆபீஸ்தான், ஆனா கீழ சிமெண்டுத் தரை. எலும்பு ஒடஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. டைரக்டர் ஓடி வந்து கேட்ட மொத கேள்வி, தாடைக்கு ஒண்ணும் இல்லையேன்னு.

ஆஸ்பத்திரியில மறுநாள் காலையில கண்ணு முழிச்சா, அவ பக்கத்துல ஸ்டூல்ல ஒக்காந்திருக்கா. யாரோ சொல்லி விட்டிருக்காங்க. அடிபட்டுக் கெடக்கிறேன்னதும் ஓடி வந்துட்டா. அதோட வீட்டுக்கும் வந்துட்டா.

படமா? அது ஒடஞ்ச விதம் வேற. நான் கட்டுப் போட்டுக் கெடந்தப்பவே அவங்க உக்காந்து பேசி, ஆபத்துக்கெல்லாம் காரணம் றெக்கைதான்னு கண்டுபிடிச்சுட்டாங்க. கண்ணுக்குத் தெரியாத றெக்கைன்னு மாத்திட்டாங்க. பறக்கறதையும் கண்ணுக்குத் தெரியாம பறக்கிறான்னு வெச்சுட்டாங்க. நான் கையைக் கழுத்துலேர்ந்து துணித் தொட்டில்ல கட்டிட்டுப் போய் நிப்பேன், தாடையை மட்டும் எடுப்பாங்க, பக்கத்துல ஒரு ஃபேன் ஓடும். எடுத்த வரைக்கும் ஒட்டி, தியேட்டர்காரங்க ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுனாங்க. அந்த முகமூடிக்காரன் நான்தான்னு யாருக்கும் தெரியாதபடி பின் வரிசையில ஒக்காந்திருந்தேன். லைட்டு போட்டதும் ஒரு தியேட்டர்காரர் கேட்டார், இந்த ஆளுக்கு ஏன் எப்பவும் வேர்க்குதுன்னு ஃபேன் போட்டு வெச்சிருக்கீங்கன்னு. இன்னொருத்தர் கேட்டார், அம்மா நல்லா நடிச்சிருக்காங்க, அந்த முகமூடித் திருடன் கடைசில மாட்டிக்கிறானான்னு.

அவ்வளவுதான். அடுத்த மாசம் ஃபேன்காரர் தண்ணி மோட்டார் செய்ய ஆரம்பிச்சார். ஓவியர்கிட்ட ஆள் அனுப்பி, கடல்ல இருக்கிற ஹீரோ யாராவது உண்டான்னு கேட்டாராம். எடுத்த படச்சுருளைக் குடோன்லயே போட்டு வெச்சதுல, சூட்டுல பிசினாட்டம் ஒட்டிப் போச்சு. ரிலீஸ் தேதின்னு ஒண்ணு வரவேயில்ல. அதனால ஒப்பந்தப்படி பாத்தா நான் இன்னிக்கும் சொல்லக் கூடாது.

கேட்டாளாவா? கேக்காம இருப்பாளா. ஆஸ்பத்திரியில அந்த ஸ்டூல்ல ஒக்காந்து, ஆரஞ்சை உரிச்சுட்டே, என் மொகத்தைப் பாக்காம ஒரே ஒரு கேள்வி கேட்டா. எப்படி விழுந்தீங்கன்னு கேக்கல. அந்தப் பொண்ணு ஜன்னல்லேர்ந்து குதிச்சீங்களான்னு கேட்டா. மச்சான் அப்படித்தான் சொல்லியிருக்கார், யாரோ வந்திருப்பாங்க, இவர் மாடியிலேர்ந்து குதிச்சிருப்பார்னு. இல்லைன்னு சொன்னா, பின்ன எப்படின்னு அடுத்த கேள்வி வரும். அதைச் சொல்ல மாட்டேன்னு ஓவியருக்கு வாக்குக் குடுத்தாச்சு. மூணு மாசத்துல படம் வந்துடப் போகுது, தியேட்டர்ல பாத்துத் தெரிஞ்சுக்குவா, விழுந்து விழுந்து சிரிப்பா, அது வரைக்கும்தானேன்னு நெனச்சேன். ஆமான்னேன்.

ஆமாம்மா. ஆமான்னுதான் சொன்னேன்.

அவ அழல. ஒரு சுளையை எடுத்து என் வாயில வெச்சா. இனிமே இதைப் பத்தி நம்ம வீட்டுல யாரும் பேசக் கூடாதுன்னா. நானும் தலையாட்டுனேன்.

படம் நின்னதும் சொல்லியிருக்கலாம்தான். எதை வெச்சு சொல்றது. படம் இல்ல, றெக்கை இல்ல, குடோன்ல தண்ணி மோட்டார் அடுக்கியாச்சு. ஜன்னல்லேர்ந்து குதிச்சேன்னா நம்புற ஊரு, நான் தும்பியா இருந்தேன்னா நம்புமா. அப்புறம் மூத்தவ பொறந்தா, சின்னவ பொறந்தா, அது அப்படியே அடியில போயிடுச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த நாப்பது வருஷத்துல எங்களுக்குள்ள நடக்காத சண்டை இல்ல. எவ்வளவு கோவத்துலயும், ஒரு தடவை கூட அவ அதை எடுத்ததில்ல. நாக்கு நுனி வரைக்கும் வரும், எனக்கே தெரியும், முழுங்கிட்டு சமையல்கட்டுக்குப் போயிடுவா. எங்க பெரியவ கல்யாணப் பேச்சப்ப மச்சான் நாலு பேர் முன்னாடி, உன் வீட்டுக்காரர் ஜன்னல் தாண்டுன கதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமான்னு வெளையாட்டாத்தான் கேட்டார். அவ எந்திரிச்சு, கையைப் புடிச்சுக் கூடப்பொறந்த அண்ணனை வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்தா. அதுக்கப்புறம் பேசவே இல்ல. பதினோரு வருஷம். அவர் போய்ச் சேந்தப்பதான் அந்த வீட்டு வாசப்படி மிதிச்சா. எனக்காக. நான் பண்ணாத ஒண்ணுக்காக.

இப்ப சொன்னா சந்தோஷப்படுவாங்கிறீங்க. நீங்க சின்னப் பொண்ணு, அப்படித்தான் தோணும். எனக்கும் போன மாசம் வரைக்கும் ஒரு ஓரத்துல அப்படித்தான் தோணிட்டு இருந்துச்சு.

போன மாசம் பேப்பர்ல வந்துச்சும்மா. யாரோ பெரிய கம்பெனி கருந்தும்பியை மறுபடி படமா எடுக்குதாம். ஓவியர் இன்னும் இருக்கார், எம்பத்தஞ்சு வயசு. அவர்கிட்டப் பேட்டி எடுத்திருக்காங்க. பழைய கதையெல்லாம் சொல்லி, ஒரு போட்டோவும் குடுத்திருக்கார். முகமூடி, தாடை. அதுல நடிச்ச மனுஷன் மனைவிகிட்ட கூடச் சொல்லாம வாக்கைக் காப்பாத்துனார், பேரை நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன், எங்க இருந்தாலும் அவரே வரணும், மொத ஷோவுல அவரை மேடை ஏத்தணும்னு சொல்லியிருக்கார். எனக்கு இப்பக் கண்ணு சரியா தெரியறதில்ல, அவதான் காலையில காபியோட ஒக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டுவா. இதையும் மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சா. ஃபேன், குடை, அட்டை ஊர், எல்லாத்துக்கும் சிரிச்சா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சா. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். இதுதான் நேரம், இப்பச் சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தேன்.

அவ அந்தப் போட்டோவைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, இவனைப் போய் மேடை ஏத்தறாங்களாம், வீட்டுல ஒருத்தி மூணு வருஷம் என்னென்ன நெனச்சு வெந்திருப்பா, அவளைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்காங்களா பாருங்க, பாவம் அந்தப் பொம்பளைன்னா.

பாவந்தான்னேன். பக்கத்தைத் திருப்பிட்டா.